45 நிமிடத்தில் பரோட்டா

அன்புள்ள அக்கா,

உங்கள் சாப்பாட்டுக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். என் மாமா ஓர் உணவங்காடி நிலையத்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். தாத்தா ஆரம்பித்த கடை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிட டாபாவ் கட்டி வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். சென்ற மாதம் ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொலைக்காட்சியில் பிரபலமான ஒரு சமையற்கலைஞருக்கு எதிராக மாமா பரோட்டா போட வேண்டுமாம், யார் போட்டது நன்றாக இருக்கிறது என்று நடுவர்கள் சொல்வார்களாம். அத்தைக்கு ரொம்ப ஆசை. மாமாவோ, “அவர் முன்னாடி நான் என்னடா” என்கிறார். 2013இல் பிரிட்டனின் பிரபல சமையற்கலைஞர் கார்டன் ராம்சே இங்கே சிங்கப்பூர் நியூட்டனில் நம் கடைக்காரர்களிடம் தோற்ற செய்தியை எடுத்துக் காட்டினேன். “அதெல்லாம் நாடகம்டா, அவர் விட்டுக்கொடுத்திருப்பார், இல்லைன்னா ஜனங்க நம்ம ஆளுக்கே ஓட்டுப் போட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டார். அப்படித்தானா? மாமா போகலாமா, வேண்டாமா?

ர.,
ஈசூன்

அன்புள்ள தம்பி,

மாமா போகட்டும். ஆனால் அவர்கள் நீட்டுகிற தாளில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாமல், சில விஷயங்களைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும். என்னென்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நியூட்டனைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் மாமா மாதிரி ஓர் ஆளே அதை நாடகம் என்று தள்ளிவிட்டது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது.

2013 ஜூலையில் சிங்டெல் தொலைத்தொடர்பு நிறுவனம் நடத்திய போட்டி அது. ராம்சேயோடு மோதப்போகும் கடைகள் எவை என்பதைப் பொதுமக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் தியான் தியான் கோழிச் சோறு, 328 காத்தோங் கடையின் லக்சா என்கிற தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ், ஜம்போ கடலுணவகத்தின் மிளகாய் நண்டு என்று மூன்று. ராம்சே வந்தார், அந்தந்தக் கடைக்கே போய்ப் பார்த்தார், பழகிக்கொண்டார், அப்புறம் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் அவர்கள் பக்கத்திலேயே நின்று அதே மூன்றையும் சமைத்தார். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வரிசை பிடித்து இரண்டு பக்கத்தையும் ருசி பார்த்து ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் 2க்கு 1. கோழிச் சோற்றிலும் லக்சாவிலும் அவர் தோற்றார், நண்டில் ஜெயித்தார்.

அந்த நண்டை மாமா யோசித்துப் பார்க்கட்டும். ஜனங்கள் ஊர்ப்பாசத்தில் மட்டும் ஓட்டுப் போட்டிருந்தால் நண்டையும் விட்டுக்கொடுத்திருப்பார்களா? மிளகாய் நண்டு 1950களில் நம் ஊரில் பிறந்த பதார்த்தம் என்று பெருமையடித்துக்கொள்கிறோம். அதிலேயே வெளியூர்க்காரருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்றால் நாக்கை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள். ராம்சே விட்டுக்கொடுத்தார் என்பதையும் நான் நம்பவில்லை. அவர் தொலைக்காட்சியில் இத்தனை வருஷமாகச் செய்துவருவதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், சமையலில் தோற்பது அவருக்குப் பிடிக்காத காரியம்.

எனக்கு இந்த முடிவில் இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. அவர் யாரிடம் தோற்றார், யாரை ஜெயித்தார் என்று பாருங்கள். தியான் தியான் என்றால் கோழிச் சோறு, காத்தோங் கடை என்றால் லக்சா. அந்த ஒன்றுக்காகத்தான் ஜனங்கள் போகிறார்கள். ஜம்போ 1987இல் கிழக்குக் கடற்கரையில் தொடங்கிப் பல கிளைகளாக வளர்ந்த பெரிய உணவகம், மெனுவில் பக்கம் பக்கமாக அயிட்டம் இருக்கும். நண்டு அவர்களுடைய பெயர்பெற்ற அயிட்டம்தான், நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனாலும் பல பதார்த்தம் சமைக்கிற பெரிய சமையலறையை இன்னொரு பெரிய சமையலறைக்காரரால் ஜெயிக்க முடிந்தது, ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிற கடையை ஜெயிக்க முடியவில்லை. ஒரே ஒரு போட்டிதான், இதை வைத்து விதி எழுத முடியாது, ஆனால் காரணம் இருக்கிறது.

கோழிச் சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினால் நாலு வரி. முழுக் கோழியைத் தளதளவென்று கொதிக்க விடாமல், கொதிக்கு ஒரு படி கீழே நிற்கிற தண்ணீரில் வேகவைத்து, வெந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் தோலுக்கு அடியில் அந்த வழுவழுப்பான படலம் உறையும். கோழிக்கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, அதிலே அரிசியைப் புரட்டி, கோழி வெந்த சாற்றையே ஊற்றி, வாசனைக்குப் பாண்டான் இலையைப் போட்டு வேகவைக்க வேண்டும். இது யாருக்கும் ரகசியமில்லை. ஆனால் இன்றைக்கு வந்த கோழி நேற்று வந்ததைவிடக் கொஞ்சம் பெரிது, இன்னும் சில நிமிடம் கிடக்கட்டும் என்று தொட்டுப் பார்த்ததுமே சொல்கிற கை இருக்கிறதே, அது அந்த நாலு வரியில் கிடையாது. எலும்போரம் லேசாகச் சிவந்திருக்கும்போதே எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் எடுத்தால் பச்சை, பின்னால் எடுத்தால் சக்கை. லக்சாவும் இப்படித்தான். மிளகாய், காய்ந்த இறால், பெலாச்சான் என்கிற இறால் விழுது, செராய் என்கிற எலுமிச்சைப்புல், லெங்குவாஸ் என்கிற சித்தரத்தை எல்லாம் அரைத்து வதக்குவதில் எண்ணெய் பிரிகிற அந்த ஒரு நேரம், தேங்காய்ப்பால் திரியாமல் சூடு நிற்கிற அந்த ஓர் இடம். காத்தோங்கில் நூடுல்ஸைத் துண்டாக நறுக்கிப் போட்டுவிடுவார்கள், கரண்டியாலேயே சாப்பிட்டு முடிக்கலாம், குழம்பும் நூடுல்ஸும் ஒரே வாயில் போகும். ராம்சே திறமைசாலி, சில நாளில் அவ்வளவு தூரம் எட்டிப் பிடித்ததே பெரிய விஷயம். ஆனால் எதிரே நின்றவர்கள் வருஷக்கணக்காக அந்த ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

சரி, இப்போது மாமாவின் போட்டிக்கு வருகிறேன். தொலைக்காட்சிப் போட்டி எல்லாம் ஒன்று கிடையாது. அமெரிக்காவில் பாபி ஃப்ளே என்று ஒரு பிரபல சமையற்கலைஞர் இருக்கிறார். 2006இல் அவர் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார். ஏதாவது ஓர் ஊரில் ஒரே ஒரு பதார்த்தத்துக்குப் பேர்போன கடைக்காரரைப் பிடித்து, உங்களைப் பற்றி நிகழ்ச்சி எடுக்கிறோம் என்று சொல்லிச் சமைக்க வைப்பார்கள், நடுவில் இவர் திடீரென்று வந்து போட்டிக்குக் கூப்பிடுவார். கடைக்காரரின் ஊர், அவருடைய பதார்த்தம், அவருடைய முறை. பாபி ஃப்ளே நியூயார்க்கில் தன் ஆட்களோடு சமைத்துப் பழகி, தன் பாணியில் எதையாவது சேர்த்துக் கொண்டுவருவார். அந்த நிகழ்ச்சியில் அவர் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். பிறகு 2013இல் இன்னொன்று வந்தது. அதிலே போட்டியாளர் இவருடைய ஸ்டுடியோவுக்கு வர வேண்டும், கடைசிச் சுற்றில் எந்தப் பதார்த்தம் என்பதைப் போட்டியாளரே சொல்லலாம், 45 நிமிடத்தில் இரண்டு பேரும் சமைக்க வேண்டும், யாருடையது என்று தெரியாமல் நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் தேர்ந்த சமையற்கலைஞர்கள். அப்படியும் பெரும்பாலும் பாபி ஃப்ளேதான் ஜெயிக்கிறார்.

ஆள் அதே ஆள்தான். மாறியது இடமும் கடிகாரமும். புதிதாக ஒன்றைக் கொடுத்து இந்த நேரத்துக்குள் முடி என்றால் அதிலே தேர்ந்தவர்கள் இவர்கள், வேலையே அதுதான். கடைக்காரரின் திறமை அந்த 45 நிமிடத்துக்குள் இல்லை, அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

பரோட்டாவைவிட இதற்கு நல்ல சாட்சி எதுவும் இல்லை. மாவை முதல் நாள் ராத்திரியே பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயும் மார்ஜரினும் தடவி அடுக்கி வைத்துவிடுவார்கள். மாவு ஊற வேண்டும். ஊறினால்தான் அதன் முறுக்கம் விட்டு, வீசும்போது கிழியாமல், காகிதம் மாதிரி அகலும், அகன்றால்தான் மடிப்புக்கு மடிப்பு காற்று நிற்கும், அதனால்தான் கல்லிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் அடித்து நொறுக்கும்போது ஏடு ஏடாகப் பிரியும். அவசரமாகப் பிசைந்த மாவு வீசினால் சுருங்கிக்கொண்டு திரும்பி வரும், உலகத்தின் எந்தப் பெரிய சமையற்கலைஞர் வீசினாலும் வரும். ஆக மாமாவை ஒரு ஸ்டுடியோவில் நிறுத்தி, இதோ மாவு, இதோ கடிகாரம், பரோட்டா போடுங்கள் என்றால் அங்கே பரோட்டாப் போட்டியே நடக்கவில்லை. இரண்டு பேரும் ஊறாத மாவோடு போராடுவார்கள், அதிலே கேமராவுக்குப் பழகியவர் ஜெயிப்பார். அப்படி ஒரு நிகழ்ச்சியில் மாமா தோற்றதை ஊரே பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: முந்தின நாள் ராத்திரி மாவைப் பிசைந்து வைக்க விடுவார்களா? இரண்டு பேருமே அப்படிச் செய்யட்டும், அதுதான் நியாயம். கல் யாருடையது என்றும் கேளுங்கள். வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த கல்லில் எந்த மூலை அதிகம் சுடும், எது மந்தம் என்று மாமா கை அறியும், புதுக் கல்லில் அது தெரியாது. முடிந்தால் கடையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். கடையில் எடுத்தால் படம் நன்றாக வரும், அவர்களுக்கும் லாபம்தான், தைரியமாகச் சொல்லலாம். நடுவர்கள் யாருடைய தட்டு என்று தெரியாமல் சாப்பிட வேண்டும். கோசோங் என்கிற வெறும் பரோட்டா மட்டும்தானா, முட்டையும் உண்டா, கறியோடு சேர்த்து மார்க்கா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லும் கடை மாதிரியான கடைகளுக்குப் பாதிப் பேர் வருவதே அந்த மீன் கறிக்காகத்தான். படப்பிடிப்பு நாளில் கடை மூடினால் அந்த நாள் வியாபாரத்துக்கு அவர்கள் காசு கொடுக்க வேண்டும். கடைப் பெயரும் நிலையத்தின் பெயரும் கடை எண்ணும் திரையில் வர வேண்டும். இதையெல்லாம் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அத்தை பயப்படலாம். நியாயமான நிறுவனம் என்றால் பெரும்பாலானவற்றுக்குச் சம்மதிக்கும். மாவு விஷயத்துக்கு மட்டும் முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஜெயித்தால் என்ன நடக்கும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும், தோற்றால் நடப்பதைவிட இதுதான் பெரிய விஷயம். 2016இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சோயா சாஸ் கோழி விற்ற சான் ஹொன் மெங்குக்கு, உலகின் பெரிய உணவகங்கள் ஏங்குகிற மிச்லின் வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது. சுமார் 2 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைத்த கோழிச் சோறு, உலகத்திலேயே விலை குறைந்த நட்சத்திரச் சாப்பாடு என்று எல்லா நாட்டுப் பத்திரிகையும் எழுதியது. வரிசை மணிக்கணக்கில் நீண்டது. அவர் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து பக்கத்தில் இன்னொரு கடை திறந்தார், கிளைகள் வந்தன, 2021இல் நட்சத்திரம் போய்விட்டது. நான் அவரைக் குறை சொல்லவில்லை, வெயிலில் புழுக்கத்தில் நின்று உழைத்த மனிதர், கிடைத்ததைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாமா கடையில் மாவு பிசைகிற கை ஒன்றுதான் என்றால், ஒரு வரிசை திடீரென்று நாலு மடங்கானால், மாவு ஊறுவதற்குள் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ரெண்டு கோசோங் கட்டிக்கொண்டு போகிறவர் வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார். கேமரா கூட்டம் சில மாதத்தில் கலைந்துவிடும், அவர் திரும்பி வருவாரா என்று சொல்ல முடியாது. ஆகவே ஒளிபரப்புக்கு முன்னாலேயே இரண்டு முடிவு எடுத்துவிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை என்பதற்கு ஓர் எல்லை, அது தீர்ந்தால் கடை மூடல். காலையில் முதல் ஒரு மணி நேரம் பழைய வாடிக்கையாளருக்கு.

“அவர் முன்னாடி நான் என்னடா” என்று மாமா சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் கொண்டாடினோம். அந்தக் கலாசாரம் என்றால் விளக்குக் கம்பமும் மேசையும் இல்லையே, மாமாவும் அவர் மாதிரி விடியலுக்கு முன்னால் எழுந்து கல்லைச் சூடாக்குகிறவர்களும்தானே. அவர்களில் பெரும்பாலோருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை, அரிசி, மாவு, எண்ணெய் விலையெல்லாம் ஏறினாலும் பரோட்டா விலையில் 10 காசு கூட்டினால் நாமே முகம் சுளிக்கிறோம். இந்தப் பயலுக்குத் தெரிந்தது ஒரு பரோட்டாதானே என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய அறியாமை. மாமாவே தன்னைப் பற்றி அப்படி நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நியூட்டனில் ஜெயித்த கடைக்காரர்களுக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

இன்னொன்று, தம்பி. இந்த வாரமே ஒரு நாள் ராத்திரி கடைக்குப் போய் மாமாவோடு மாவு பிசையுங்கள். போட்டிக்கு உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள் என்றால், அந்த இடத்தில் கூலிக்கு ஆள் பிடிக்காமல் நீங்கள் நில்லுங்கள். நிறுவனத்தோடு என்ன பேசி முடித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அந்தத் தாளை அனுப்பினால் படித்தும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா