சாவி யாரிடம் இருக்கிறது?

பெரிய விளையாட்டு அரங்குகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஏழு மணி ஆட்டத்துக்கு நாலு மணிக்கே வாசலைத் திறக்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் யார் சார் வரப்போகிறார்கள்?
– கல்லூரி மாணவர்

பதில்: வர மாட்டேன் என்கிறார்களே, அதுதானப்பா என் தலைவலி! ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு நுழையும் சுழல் வாசல் ஒன்றுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்காதே என்பது பிரிட்டன் அரங்குகளின் பாதுகாப்பு வழிகாட்டி சொல்லும் அளவு. 40,000 பேர், 20 வாசல் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பையைத் திறந்து பார்த்தால் இன்னும் இழுக்கும். நீங்களோ கடைசி முக்கால் மணியில்தான் வந்து நெருக்குவீர்கள்.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கம். அரங்கின் ஒரு முனையில் நின்று பார்க்க வந்த 10,100 பேருக்கு ஏழே ஏழு சுழல் வாசல். வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டரை மணிக்கெல்லாம் வாசலில் நெரிசல் கட்டுமீறியது. 2.52க்குப் போலீஸ் உத்தரவின்பேரில், வெளியேறுவதற்கென்று இருந்த கதவைத் திறந்து விட்டார்கள். சுமார் 2,000 பேர் உள்ளே வந்தார்கள். கண்ணுக்கு நேரே ஒரு சுரங்கப்பாதை. அது போய்ச் சேரும் இடமோ ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த நடுக் கூண்டுகள், அதாவது வேலி போட்டு அடைத்த நிற்கும் பகுதிகள். இரண்டு பக்கமும் இடம் கிடந்தது. சுரங்கத்தின் முகப்பில் நின்று "அந்தப் பக்கம் போங்க" என்று கை காட்ட ஆள் இல்லை. கூண்டுக்கு முன்னால் இரும்பு வேலி. 97 பேர் இறந்தார்கள். பழியை ரசிகர்கள் மேல் போட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை என்று ஜூரி சொன்னது 2016இல்தான்.

அதே அரங்கில் 1987இல், கூட்டம் வந்து சேரவில்லை என்று ஆட்டத்தைக் கால் மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாதது. தெரியாத வித்தை ஒன்றுமில்லை. அதனால், ஆட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லும் அதிகாரம் எந்தப் பதவிக்கு என்பதை என் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். டிவிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: தண்ணீர் பாட்டில் மூடியைப் பிடுங்கி வைத்துக்கொள்வதில் என்ன பாதுகாப்பு?
– கோபத்துடன் ஒரு ரசிகை

பதில்: மூடியோடு வீசினால் அது கல். மூடியில்லாமல் வீசினால் பாதி வழியிலேயே தண்ணீர் கொட்டிவிடும். அவ்வளவுதான் விஷயம். உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பாட்டிலில் கை வைக்கிறவர்கள் உள்ளே குடிதண்ணீருக்கு வழி செய்திருக்க வேண்டும்.

கேள்வி: டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடாமல் இருக்க, ஆட்டம் தொடங்கியதும் எல்லாக் கதவையும் பூட்டிவிடலாமே?
– அரசு ஊழியர்

பதில்: இதே யோசனை தோன்றிய ஒரு நிர்வாகி எனக்கும் வாய்த்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் அவசர வாசல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனேன். பதினொன்றாவது அசையவில்லை. உள்பக்கம் சங்கிலி, அதில் திண்டுக்கல் பூட்டு போல ஒரு பெரிய பூட்டு. சாவி? ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன காவலாளியின் சட்டைப் பையில். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆக்சா பிளேடு வாங்கி வரச் சொல்லி அறுத்தோம். இருபது நிமிடம் ஆனது. நிர்வாகி பக்கத்தில் நின்று, "நல்ல சங்கிலி சார்" என்றார்.

1985 மே 11, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஒரு கால்பந்து மைதானம். மரத்தாலான பார்வையாளர் கூடத்தில் தீப்பிடித்து, நாலைந்து நிமிடத்துக்குள் கூடம் முழுக்கப் பரவியது. பழக்கப்படி வந்த வழியே, பின்பக்கம் ஓடியவர்கள் பூட்டிய கதவுகளில் மோதினார்கள். மைதானத்தை நோக்கி ஓடியவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள், ஏனென்றால் அந்தக் கூடத்துக்கு முன்னால் ஹில்ஸ்பரோ மாதிரி வேலி கிடையாது. 56 பேர் போனார்கள்.

உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு போடுங்கள். பழைய கட்டடம், பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சாவி வைத்திருப்பவர் கடைசி ஆள் வெளியேறும் வரை கதவை விட்டு நகரக் கூடாது. டிக்கெட் இல்லாமல் நூறு பேர் புகுந்தால் போகட்டும்.

ஆனால் திறந்து விடுவதே எப்போதும் சரி என்றும் நினைக்காதீர்கள். 2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலில், தேசிய அரங்கத்துக்கு வெளியே மூன்று பேர் குண்டை வெடித்துக்கொண்டார்கள். உள்ளே பிரான்ஸ்–ஜெர்மனி ஆட்டம். ஆபத்து வெளியில், கூட்டத்தை அங்கே அனுப்புவது முட்டாள்தனம். ஆட்டத்தை நிறுத்தாமல் கடைசி வரை நடத்தினார்கள். பிறகு ரசிகர்கள் பலர் மைதானப் புல்லில் இறங்கி நின்றிருந்தார்கள். அந்த இரவு முடிவெடுத்தவர்களுக்கு என் சல்யூட்.

கேள்வி: கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் காலத்தில் இத்தனை பணியாளர்கள் எதற்கு?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: கேமரா பார்க்கும் தம்பி, புரிந்துகொள்ள வேண்டுமே. கட்டுப்பாட்டு அறையில் நான் பந்தைப் பார்த்ததே இல்லை. கோல் விழுந்ததும் நின்று பார்க்கும் பகுதியில் கைகளைப் பார்ப்பேன். எல்லாரும் கை தூக்குகிற நேரத்தில் ஒரு திட்டில் மட்டும் தலைகள் ஆடுகின்றன, கைகள் மேலே வரவில்லை என்றால், அங்கே கையை உருவ இடமில்லை என்று அர்த்தம். சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி. யாரும் தன் காலால் நடப்பதில்லை. உடனே அந்தப் பகுதிக்குள் ஆள் விடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கேள்வி: எட்டு வயது மகளை முதல்முறை பெரிய ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு யோசனை சொல்லுங்கள் ஐயா.
– ஒரு தாய்

பதில்: உட்கார்ந்ததும், வந்த வழியைத் தவிர இன்னொரு வழி எது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், விளையாட்டாக. முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள், படிக்கட்டு காலியாகிவிடும். நெரிசலில் மாட்டினால் கீழே விழுந்த செருப்பையோ போனையோ எடுக்கக் குனியவே கூடாது. அவளைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை எதிர்க்காமல் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கிளம்பும்போதே உங்கள் போன் நம்பரை அவள் முழங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். மணிக்கட்டில் வேண்டாம், கை கழுவினால் அழிந்துவிடும்.