எஸ்யூவி வாங்கும் பணத்தில் டீசல் எஸ்டேட் கார் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?

கேள்வி கேட்ட நண்பர் சென்னையில் இருக்கிறார். மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போய் வருகிறார், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல எஸ்டேட் (செடானின் கூரையைப் பின்னால் வரை நீட்டி, பெரிய டிக்கி வைத்த கார்) கண்ணில் பட்டிருக்கிறது, வீட்டில் எல்லோரும் எஸ்யூவி என்கிறார்கள். என் வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட இதுவேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் ஓட்டுவது 2018 மாடல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, டீசல். 2023-ல் கைமாற்றாக வாங்கினேன். 2017 ஜூலையில் இந்தக் கார் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 60 லட்சம். அந்த விலைக்கு நம் ஊரில் யாரும் எஸ்டேட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால்தான் என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கு அது எட்டியது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஏன் சார் இவ்வளவு நீளமா, இவ்வளவு தாழ்வா இருக்கு?" என்பதுதான். என் பதில் முழுக்க அந்தத் தாழ்வைப் பற்றியதுதான்.

வி90 கிராஸ் கன்ட்ரியின் உயரம் 1,543 மில்லிமீட்டர். அதே அடித்தளத்தில் அதே கம்பெனி செய்த எக்ஸ்சி90 எஸ்யூவி 1,776. கிட்டத்தட்ட ஒரு முழம் இல்லை, அரை முழம்தான் வித்தியாசம். ஆனால் காரின் குணமே அந்த அரை முழத்தில் மாறிவிடுகிறது. உயரமான வண்டியில் உட்காருகிறவர்கள், கண்ணாடி, கூரை, அதன் மேல் கட்டும் சாமான் என்று எல்லாப் பாரமும் மேலே போகிறது. திருப்பத்தில் அது சாயத் தொடங்கும். சாயாமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் இறுக்க வேண்டும். இறுக்கினால் பள்ளம் மேடெல்லாம் இடுப்புக்கு வரும். எஸ்டேட்டுக்கு இந்தச் சங்கடம் குறைவு. பாரம் கீழேயே இருப்பதால் மெத்தென்ற ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே அது நேராக நிற்கும்.

ஏலகிரி மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். என் நண்பரின் எஸ்யூவியில் போனபோது பாதி மலையிலேயே அம்மாவுக்குக் குமட்டல் வந்து, வண்டியை ஓரங்கட்டினோம். இந்தக் காரில் போனபோது உச்சிவரை பேசிக்கொண்டே வந்தார். வழியில் இருந்த பெயர்ப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டும் வந்தார்.

இது கிராஸ் கன்ட்ரி வகை என்பதால் தரையிலிருந்து அடிப்பாகம் 210 மில்லிமீட்டர் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சென்னையின் வேகத்தடைகளில் இதுவரை அடிபட்டதே இல்லை. இன்னொரு நன்மையை ஓட்டிப் பழகிய பிறகுதான் கவனித்தேன். சீட்டின் உயரம் அம்மாவின் இடுப்புக்குச் சரியாக வருகிறது. செடானில் குனிந்து விழ வேண்டும், எஸ்யூவியில் காலைத் தூக்கி ஏற வேண்டும். முட்டி தேய்ந்தவர்களுக்கு இரண்டுமே வேதனை. இதில் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பினால் போதும்.

அடுத்து எஞ்சின். நான் பல வருடம் டீசல் இன்ஜெக்ஷன் பாகங்கள் சம்பந்தமான வேலையில் இருந்தவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது 2 லிட்டர், நான்கு சிலிண்டர். 235 குதிரைத்திறன், 480 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. அந்த டார்க் முழுவதும் 1,750 ஆர்பிஎம்மிலேயே கைக்கு வந்துவிடும். இத்தனை சிறிய எஞ்சினில் அவ்வளவு இழுவையை எடுக்க இரண்டு டர்போ வைத்திருக்கிறார்கள், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. டர்போ என்பது எஞ்சின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. அது சுழலப் புகை வேண்டும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது போதுமான புகை இருக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்பும் பழைய டீசல்களை ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

இதற்கு வால்வோ கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எஞ்சின் பக்கத்தில் 2 லிட்டர் கொள்ளளவில் ஒரு காற்றுத் தொட்டி. ஒரு சின்ன கம்ப்ரசர் ஏர் ஃபில்டரிலிருந்து காற்றை இழுத்து 12 பார் அழுத்தம் வரை (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அதில் நிரப்பி வைக்கிறது. முதல் இரண்டு கியரில் சட்டென்று மிதித்தால், அந்தக் காற்று டர்போவுக்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ற புகைக் குழாய்க்குள் பாய்ந்து டர்போவைத் தள்ளிவிடும். புகை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பவர்பல்ஸ் என்று பெயர். பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கும் தொட்டியின் அதே தத்துவம்தான், இடம்தான் வேறு. கத்திப்பாராவில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு இடைவெளி கிடைத்து மிதிக்கும்போது இதன் அருமை புரியும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் இன்னொரு விஷயம். டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 2,500 பார் வரை போகிறது. உலகத்திலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில்கூடக் கடல்நீரின் அழுத்தம் 1,100 பாருக்குள்தான். வழக்கமாக எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாயில் ஒரே ஒரு அழுத்த சென்சார் இருக்கும். இதில் நான்கு இன்ஜெக்டர் தலையிலும் தனித்தனி சென்சார். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் போனது என்பதை ஒவ்வொரு பீய்ச்சலிலும் அளந்து, தேய்மானத்துக்கு ஏற்ப அடுத்த பீய்ச்சலைச் சரிசெய்துகொள்ளும். பழசாகிற எஞ்சினும் தன் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் என்பதுதான் இதன் பயன். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வெளியே நிற்பவருக்கு டீசல் சத்தம் கேட்கத்தான் செய்யும், ஆறு சிலிண்டரின் வழுவழுப்பு இதில் கிடையாது. உள்ளே உட்கார்ந்து கதவை மூடினால் அது ஒரு பொருட்டில்லை.

நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் இது வேறு வண்டி. செங்கல்பட்டு தாண்டியதும் 8 கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் பெட்டி மேல் கியருக்குப் போய் அமர்ந்துவிடும். 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மைக்கூடத் தொடாது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியரைக் கீழே இறக்காமலேயே மேலே ஏறும் பலம் இருக்கிறது. ஸ்டியரிங் இலகுவாக இருக்கும், ரேஸ் ஓட்டுகிற ஆளுக்கு அது பிடிக்காது. எனக்கு விழுப்புரம், திருச்சி தாண்டி மதுரையில் இறங்கும்போது தோள் வலிக்காமல் இருப்பதுதான் முக்கியம். 60 லிட்டர் டேங்க். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 15, 16 கிலோமீட்டர் கிடைக்கிறது. மதுரை போய் விழுப்புரம் வரை திரும்பும்வரை பங்க் பக்கம் போக வேண்டாம். இங்கேயும் அந்தத் தாழ்வுதான் உதவுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், காற்றை முட்டும் முகம் சிறியதாக இருந்தால் அவ்வளவும் டீசல் மிச்சம்.

டிக்கி 560 லிட்டர். பின் சீட்டை மடித்தால் 1,526. எண்களைவிட விளிம்பின் உயரம்தான் பெரிய விஷயம். பண்ருட்டிப் பக்கம் போனால் பலாப்பழம் வாங்காமல் வரமாட்டோம். முள் குத்தும் அந்த எடையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை, இடுப்புக்குக் கீழே வைத்துத் தள்ளினால் உள்ளே போய்விடும். டிக்கிக்கு இடம் விடப் பின்பக்க அமைப்பில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். வி90 வகையில் பின் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லாமல், குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். லாரிப் பட்டை போல இரும்பு இல்லை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலவை. எடையும் குறைவு, டிக்கிக்குள் துருத்திக்கொண்டு இடத்தைத் தின்பதும் இல்லை. ஏர் சஸ்பென்ஷன் வைத்த வகையும் உண்டு, அது பாரம் ஏறினாலும் பின்பக்கத்தைத் தாழவிடாது. வாங்கும்போது எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழுதானால் செலவு இரண்டுக்கும் ஒன்றில்லை.

நான்கு சக்கர இழுவையும் உண்டு. சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும், வழுக்கினால் பின்னாலும் பிரித்துக் கொடுக்கும். ஐப்பசி மழையில் ஈசிஆரில் உதவியிருக்கிறது. அதற்காக வேளச்சேரியில் தேங்கிய தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்தது பென்ஸ் ஈ-கிளாஸ் ஆல் டெரெய்ன் என்றால் அதுவும் நல்ல எஞ்சின்தான். 194 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். அலுமினிய பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) எஃகு பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். எஃகு அலுமினியத்தைவிடக் குறைவாக விரிவதால், சூடேறும்போது பிளாக் அதிகம் விரிந்து இடைவெளி கூடி உரசல் குறைகிறது. பெரிய மூளை வேலை. இழுவையில் வால்வோ ஒரு படி முன்னால்.

இப்போது வாங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம். உங்கள் ஓட்டம் அண்ணா நகரிலிருந்து அம்பத்தூர் வரை, தினம் 8 கிலோமீட்டர், அதோடு முடிந்தது என்றால் டீசலே வேண்டாம். டிபிஎஃப் என்ற கரி ஃபில்டர் உள்ள எந்த டீசலிலும் அது புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, எக்ஸாஸ்ட் சுமார் 600 டிகிரிக்குச் சூடாகும்போது எரித்துத் தள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் நின்றால் அந்தச் சூடு வராது. பாதியில் நிறுத்த நிறுத்த, எரிப்பதற்காகப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். நான் மாதம் மூன்று தடவையாவது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அதிகாலையில் ஒரு அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுகிறேன். ஊருக்குப் போய்வரும் உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது.

பாகங்கள் இறக்குமதி, விலை கையைக் கடிக்கும், சிலது வரப் பல வாரம் ஆகும். இரண்டு லட்சம் ரூபாயாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். டெல்லியில் கொண்டுவந்தது போன்ற 10 வருட டீசல் கட்டுப்பாடு இங்கே இல்லை. ஆனால் புதிதாக இனி வால்வோ டீசல் ஒன்று வரப் போவதில்லை என்பதும் உண்மை. வால்வோ தன் கடைசி டீசல் காரை 2024 தொடக்கத்தில் செய்து முடித்துவிட்டது. 1994-ல் 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கி ஓட்டிய கம்பெனி அது. டீசலும் போய் எஸ்டேட்டும் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது. அதனால்தான் இருக்கிற நல்ல வண்டி ஒன்று சரியான ஆளின் கைக்குப் போக வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரமாகப் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் குச்சியையோ திரையில் காட்டும் ஆயில் அளவையோ பாருங்கள், அளவுக்கு மேல் இருந்தால் நான் சொன்னதுபோல் டீசல் கலந்திருக்கலாம், ஏன் என்று கேளுங்கள். சர்வீஸ் ரெக்கார்டில் கியர் பெட்டி ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்புறம் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். கதவைத் திறந்துவிட்டு, கை கொடுக்காமல், அவர்களே உட்கார்ந்து எழுந்திருக்கட்டும்.