வழியோரக் கொடிகளில் மட்டும் இலை

அன்புள்ள ஐயா,

தோட்டக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பயிர் நோயியல் வகுப்பில் போர்டோ கலவை என்ற பூஞ்சாண மருந்து பற்றிப் பாடம் நடந்தது. பிரான்சில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துவிடுகிறார்கள் என்று பாதையோரக் கொடிகளில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்தார்களாம். அந்தப் பக்கமாகப் போன மிலார்தே என்ற பேராசிரியர் அதைப் பார்த்தாராம், மருந்து கிடைத்துவிட்டதாம். வகுப்பே சிரித்தது. தெளித்தவர் ஒருவர், நடந்து போனவர் ஒருவர், பேர் மட்டும் நடந்தவருக்கு! எனக்கு இது குருட்டு அதிர்ஷ்டமாகத்தான் தெரிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது என்கிறார்கள். ஏன்?

ம.

அன்புள்ள ம.,

வகுப்பு சிரித்ததில் தப்பில்லை. அந்தக் கதையை அப்படிச் சொன்னால் சிரிப்புதான் வரும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1882 அக்டோபர் கடைசி. போர்தோ (நாம் போர்டோ என்கிறோமே, அதுதான்) நகருக்கு வடக்கே மெதோக் பகுதியில் சேன்-ஜூலியன் என்ற ஊர். அந்த வருடம் அடிச்சாம்பல் என்ற பூஞ்சாண நோய் கொடிகளை மொட்டையடித்திருந்தது. மிலார்தே நடந்து போன பாதையின் ஓரத்தில் இருந்த கொடிகளில் மட்டும் இலை இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் இலையின் மேல்பக்கத்தில் நீலம் பாய்ந்த வெள்ளைப் பொருக்கு. தோட்டத்து மேலாளர் எர்னஸ்ட் தாவீதைப் போய்க் கேட்டார். கைக்கெட்டும் கொடிகளுக்கு இப்படிப் பூசி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம், விஷம் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள் என்றார் அவர்.

கதை இதுவரைக்கும் சரி. இதற்கு முன்னும் பின்னும் இருப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பியேர்-மாரி-அலெக்ஸி மிலார்தே 1838இல் ஜூரா பகுதியில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். முதலில் படித்தது மருத்துவம். அதை விட்டுத் தாவரவியலுக்கு வந்து ஜெர்மனிக்குப் போனார். ஹைடல்பெர்கில் ஹோஃப்மைஸ்டரிடமும் ஃப்ரைபுர்கில் அன்டோன் தெ பாரியிடமும் படித்தார். இந்த தெ பாரி முக்கியம். செடி அழுகுவதால் பூஞ்சாணம் வருகிறது என்று பெரிய படிப்பாளிகளே நம்பிய காலத்தில், பூஞ்சாணம் வருவதால்தான் செடி அழுகுகிறது என்று உருளைக்கிழங்குக் கருகலில் காட்டியவர். பூஞ்சாணத்தின் வித்து எப்படி முளைக்கிறது, இலைக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று நுண்ணோக்கியில் ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பது அவருடைய முறை. மிலார்தேக்கு அந்தப் பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

1869இல் ஸ்ட்ராஸ்பூர்கில் வேலை. அடுத்த வருடமே போர். ஊர் ஜெர்மனியிடம் போனது, இவர் நான்சிக்கு மாறினார். அவர் விட்டு வந்த ஸ்ட்ராஸ்பூர்கில் 1872இல் ஜெர்மானியர்கள் நடத்திய பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர் யார் தெரியுமா? தெ பாரியேதான். 1876இல் மிலார்தே போர்தோவுக்கு வந்தார். கடைசிவரை அங்கேதான்.

அவர் வந்த நேரம் பிரெஞ்சுத் திராட்சைக்குப் பொல்லாத நேரம். பைலாக்சரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து வந்து தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பேனைத் தாங்கும் என்பதால் அதை வேர்ச்செடியாக வைத்து மேலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் வழி என்று முடிவானது. மிலார்தே அந்த வேலையில் முழுசாக இறங்கினார். சார்ல் தெ கிராசே என்பவரோடு சேர்ந்து கலப்புகள் உண்டாக்கினார். ஆனால் பேனுக்கு மாற்றாக வந்த அமெரிக்கக் கொடிகளோடுதான் அடிச்சாம்பல் பூஞ்சாணமும் கப்பலேறி வந்தது. 1878இல் பிரான்சில் அதைக் கண்டார்கள். ஒரு நோய்க்கு மருந்து தேடிய இடத்தில் இன்னொரு நோய். அந்த இரண்டோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆள்தான் ம., அன்றைக்கு அந்தப் பாதையில் நடந்து போனது.

அவர் வீட்டுக் கிணறு பற்றி ஒரு விஷயம் உண்டு. எனக்கு அந்தப் பாதையைவிட இந்தக் கிணறுதான் பிடிக்கும். இந்தப் பூஞ்சாணத்தின் வித்துகளைச் சொட்டுத் தண்ணீரில் போட்டு முளைக்க வைத்துப் பார்ப்பது அவர் வேலை. மழைத்தண்ணீரில் முளைத்தது, பனித்துளியில் முளைத்தது. தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் முளைக்கவில்லை. கிணற்றில் இருந்தது பழைய செம்புப் பம்பு. தண்ணீரைச் சோதித்தால் துளியூண்டு செம்பு.

இந்தப் பூஞ்சாணத்தின் வித்து ஈர இலையில் விழுந்ததும் அதிலிருந்து வாலுள்ள குட்டி வித்துகள் வெளியே வரும். தண்ணீரில் நீந்திப் போய் இலைத்துளை வழியாக உள்ளே நுழையும். நுழைந்துவிட்டால் செம்பை வைத்து இலையைக் கொல்லாமல் அதைக் கொல்ல முடியாது. அதனால் நுழைவதற்கு முன்பே, நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அடிக்க வேண்டும். மிலார்தேயின் கண்டுபிடிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். துத்தமும் சுண்ணாம்பும் மெதோக்கில் எல்லோரிடமும் இருந்தது. வந்த பிறகு அடிப்பதில் பயனில்லை, வருமுன் இலையில் செம்பு இருக்க வேண்டும் என்பது அவரிடம் இருந்தது.

செம்பு பூஞ்சாணத்தைக் கொல்லும் என்பதுகூடப் புதிதில்லை. 1807லேயே மோந்தொபான் என்ற ஊரில் பெனெதிக்த் ப்ரெவோ என்பவர், கோதுமையின் கரிப்பூட்டை நோய் பூஞ்சாணத்தால் வருகிறது, செம்பு அதை முளைக்க விடாது என்று அச்சிலேயே எழுதிவிட்டார். பாரிசில் இருந்த பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. பல வருடம் அது கிடப்பில் கிடந்தது.

பாதையில் பார்த்ததோடும் விஷயம் முடியவில்லை. வேதியியலாளர் உலிஸ் கையோனையும் தாவீதையும் சேர்த்துக்கொண்டு, என்ன கலவை, எவ்வளவு என்று சோதனை செய்தார். 1885இல்தான் வெளியிட்டார். அவர் சொன்ன அளவு, 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ துத்தம், 30 லிட்டரில் 15 கிலோ சுண்ணாம்பு. இன்று நாம் 100 லிட்டருக்கு ஒரு கிலோ, ஒரு கிலோ போடுகிறோம். அவருடையது கிட்டத்தட்ட வெள்ளையடிக்கிற பதம்! தெளிப்பான் கிடையாது. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் குச்சித் துடைப்பம். தோய்த்துத் தோய்த்து இலையில் உதறிக்கொண்டே போவார்கள்.

பேர் விஷயத்தில் உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. தாவீதை யாரும் நினைப்பதில்லை. பர்கண்டியிலும் துத்தத்தில் ஊறவைத்த ஊன்றுகோலில் கட்டிய கொடிகள் நோயிலிருந்து தப்பியதை அங்கே இருந்தவர்கள் கவனித்திருந்தார்கள். முதலில் கண்டது யார் என்று சண்டையும் நடந்தது. ஆனால் கலவைக்கு வைத்தது மிலார்தே பேர் இல்லையே, ஊர்ப் பேர்தானே? அவர் பேர் இருப்பது மண்ணுக்குள். 101-14 என்ற வேர்ச்செடியை நாற்றங்கால்காரர்கள் இன்றும் '101-14 எம்ஜிடி' என்று எழுதுகிறார்கள். எம் மிலார்தே, ஜி கிராசே.

செம்பு மண்ணில் தங்கிவிடும், கரைந்து போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது ஹெக்டேருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக் கூடாது. இயற்கைத் திராட்சைக்காரர்கள்கூட இதை விட முடியாமல் தவிக்கிறார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்புறம் உங்கள் இரண்டாவது சந்தேகம். துத்தக் கரைசலில் புளிப்பு உண்டு, அதில் கரைந்து நிற்கும் செம்பு இலையைப் பொசுக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்புப் பாலில் விட்டால் விழுந்த இடத்திலேயே புளிப்பு முறிந்து, செம்பு மெல்லிய மாவாகத் திரிந்து மிதக்கும், இலையில் பிடிக்கும். மாற்றி ஊற்றினால் அது கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும்.

கம்பம் பக்கம் என் மாமா திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலக்குவார், இரும்பு வாளி ஆகாது. கலக்கி முடித்ததும் தீட்டிய கருக்கரிவாளை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால், "இன்னும் பசி அடங்கல" என்று சொல்லிக்கொண்டே சுண்ணாம்புப் பாலை ஒரு சொம்பு ஊற்றி மறுபடியும் கலக்குவார். அலகு வெள்ளையாக வெளியே வந்த பிறகுதான் டேங்க்கை முதுகில் மாட்டுவார். அதுவும் மழைக்கு முன்னால். மிலார்தேயின் பேரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.