சணல் தட்டு ஏன் உப்புகிறது?

கேள்வி: மூன்று அடுக்கு சணல் துணியில் எபாக்சி ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசிப் பலகை மாதிரி ஒரு தட்டு செய்தேன். முதலில் கல் மாதிரி இருந்தது. சில மாதம் வெளியில் கிடந்ததும் ஓரம் உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. கண்ணாடி இழைக்குப் பதில் இயற்கை நார் என்பதே தப்பான யோசனையா?

பதில்: யோசனையில் தப்பில்லை. என் முதல் தட்டும் இப்படித்தான் போனது. பிரிந்த இடத்தில் ஒரு நாரை இழுத்துப் பார்த்தேன். ரெசின் துளிகூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உங்கள் தட்டிலும் இழுத்துப் பாருங்கள். நார் அறுந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. முழுசாக உருவிக்கொண்டு வந்தால் பிடிப்பே இல்லை.

சணலில் பெரும்பங்கு செல்லுலோஸ். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். காய்ந்ததுபோலத் தெரியும் சணல்கூடக் காற்றிலிருந்து ஏறக்குறைய 12 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ரெசினுக்கோ அந்த ஈரம் ஆகாது. நாரின் மேலிருக்கும் மெழுகும் ரெசினை ஒட்டவிடாது. அப்புறம், நாருக்குள் நுண்ணிய குழல்கள் உண்டு. வெட்டிய ஓரத்தில் அவை வாய் திறந்து கிடக்கும். மழைநீர் அவ்வழியே உள்ளே ஏறும். நார் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, ரெசினை விட்டு விலகும்.

அடுத்த முறை அந்த மெழுகைப் போக்கத் துணியை 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். கரைசலைக் கெட்டியாக்கினால் நாரே பலவீனமாகிவிடும். வழுவழுப்பு போகும்வரை அலசி, 80 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் காயவைத்து, ஆறியதும் தாமதிக்காமல் ரெசின் பூசுங்கள். நான் அவசரப்பட்டுக் கெடுத்ததெல்லாம் இந்தக் காயவைக்கும் கட்டத்தில்தான். வெட்டிய ஓரங்களுக்கும் ரெசின் பூச மறக்காதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம், சணலுக்கு 1.5க்கும் கீழே. அந்த எடைக் குறைவுக்காகத்தான் காரின் கதவு உட்பலகையில் ஆளி நாரும் புளிச்சை நாரும் சேர்க்கிறார்கள். கவனியுங்கள், மழை படாத உட்பலகையில்! ஆனால் எபாக்சி சேர்த்த தட்டு மண்ணில் மக்காது. அதை மக்கும் பொருள் என்று யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய தட்டை எறிய வேண்டாம். முகமூடி போட்டுக்கொண்டு, உப்பிய ஓரத்தை அறுத்தெடுத்து, நன்றாகக் காயவைத்து, ஓரம் முழுக்க ரெசின் பூசுங்கள். வீட்டுக்குள் அலமாரிப் பலகையாக உழைக்கும்.