இறங்காமல் மேலேறிய விமானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு விமானப் பயணம். இறங்கும் ஊரில் மழை. சக்கரங்கள் இறங்கிவிட்டன, ஓடுபாதை விளக்குகள் ஜன்னலில் தெரிந்தன. திடீரென்று எஞ்சின் உறுமியது, மூக்கு மேலே போனது, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் வரை விமானியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது முறையும் அதே கதை. கடைசியில் வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். “கைதேர்ந்த பைலட் என்றால் இறக்கியிருப்பார், நமக்குப் பின்னால் வந்த விமானம் இறங்கிவிட்டதே” என்று பலரும் கோபப்பட்டார்கள். நிறுவனத்துக்கு ஒரு புகார் தயாராகிறது. என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? நடுவானில் எரிபொருள் தீர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயமும் இன்னும் விடவில்லை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

போடாதீர்கள். இறங்காததற்காக ஒரு விமானி மேல் புகார் போனால், அடுத்த முறை இறங்கக் கூடாத நேரத்தில் அவர் இறங்கிவிடுவார். இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவதைக் ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். பல நிறுவனங்கள் ‘கோ-அரவுண்ட் செய்தவரிடம் விளக்கம் கேட்டுக் குற்றம் சாட்டமாட்டோம்’ என்று எழுதியே வைத்திருக்கின்றன. புகார் வருமோ என்ற விமானியின் பயம் எத்தனை ஆபத்தானது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டதால் வந்த விதி அது.

விமானம் வழக்கமாக மூன்று டிகிரி சரிவில் இறங்கும். தரைவேகம் 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) என்றால் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி. அப்படியானால் 1,000 அடி உயரத்திலிருந்து தரைக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மேகமோ மழையோ இருந்தால் இந்த 1,000 அடியிலும், வானம் தெளிவாக இருந்தால் பொதுவாக 500 அடியிலும் ஒரு வாசற்படி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது சக்கரமும், குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்க இறக்கையிலிருந்து நீளும் ஃபிளாப்பும் இறங்கும் நிலையில் இருக்க வேண்டும். வேகம் இலக்கு வேகத்துக்குக் கீழே போகக் கூடாது, அதிகம் மேலேயும் போகக் கூடாது. நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், கிடக்காமல் உரிய விசையில் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மேலே போக வேண்டியதுதான். ‘இன்னும் கொஞ்சம் கீழே போய்ச் சரிசெய்துகொள்ளலாம்’ என்பதற்கு அங்கே இடமில்லை.

ஏன் இத்தனை கறார் என்றால், கணக்கு அப்படி. வேகம் 10 சதவீதம் கூடினால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடியில் கடக்க வேண்டிய விமானம் 100 அடியில் கடந்தால், அதே சரிவில் தரைதொடும் இடம் ஏறத்தாழ 290 மீட்டர் தள்ளிப்போகிறது. பாதையில் தண்ணீர் நின்றால் டயரின் பிடிப்பும் குறையும். மூன்றும் ஒரே நாளில் சேரும்போது எந்தக் கைத்திறமையாலும் பாதையை நீளமாக்க முடியாது.

மங்களூரில் 2010 மே 22 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். மிக உயரத்தில் வந்த போயிங் 737-ஐ கேப்டன் செங்குத்தாக இறக்கிக்கொண்டே போனார். இணை விமானி மூன்று முறை ‘கோ-அரவுண்ட்’ என்று சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் திரும்பத் திரும்பக் கத்தியது. விமானம் பாதையின் பாதியைத் தாண்டித்தான் தரைதொட்டது. எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்டைப் போட்ட பிறகு கேப்டன் மறுபடியும் எழும்ப முயன்றார். ரிவர்ஸ் போட்டுவிட்டால் நின்றே ஆக வேண்டும் என்பது விமானி பாலபாடமாகக் கற்பது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். அந்த மூன்று குரல்களில் ஒன்றைக் கேட்டிருந்தால், அன்று அந்த விமானத்திலும் உங்களைப் போல ஒருவர் எரிச்சலோடு இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார்.

இது ஏதோ ஒருவரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. விமானப் பாதுகாப்புக்கான அமைப்பான ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்ததில், மேலே சொன்ன விதிகளுக்கு உட்படாமல் ஓடுபாதையை நெருங்கிய முயற்சிகளில் ஏறத்தாழ 97 சதவீதம் இறங்குவதில்தான் முடிந்திருக்கின்றன. மேலே போனது மூன்று சதவீதம். உங்கள் விமானி எந்தக் காரணத்துக்காகத் திரும்பினார் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அவர் சிறுபான்மையோர் செய்வதைச் செய்தார்.

பின்னால் வந்தது இறங்கியதே என்கிறீர்கள். மழை மேகத்தின் கீழ் காற்று இரண்டு நிமிடத்தில் திசை மாறும். விளக்குகள் தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற குறைந்தபட்ச உயரத்தில் உங்கள் விமானிக்கு மறைந்திருந்த விளக்குகள் அடுத்தவருக்குத் தெரிந்திருக்கலாம். முன்னால் இறங்கிய விமானம் பாதையை விட்டு விலகாததே காரணமாக இருந்திருக்கலாம். அடுத்தவர் இறங்கியதை வைத்து நாமும் இறங்கலாம் என்று முடிவெடுப்பதுதான் விமானிகள் விழக்கூடிய பெரிய பொறிகளில் ஒன்று.

அதே சமயம், மேலேறுவதும் சும்மா இல்லை. ஏர்பஸ் 320-இல் எஞ்சின் விசையைக் கூட்டும் த்ரஸ்ட் நெம்புகோல்களைக் கடைசி வரை தள்ள வேண்டும், மூக்கைச் சுமார் 15 டிகிரிக்கு உயர்த்த வேண்டும், ஃபிளாப்பை ஒரு படி ஏற்ற வேண்டும், உயரம் உண்மையிலேயே கூடுகிறதா என்று பார்த்த பிறகே சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும். எல்லாம் சில நொடிகளில். வரிசையில் ஒன்றைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2016 ஆகஸ்ட் 3 அன்று துபாயில் கண்டோம். போயிங் 777 பாதையில் வெகுதூரம் தள்ளித் தரையைத் தொட்டுவிட்டது, கேப்டன் கோ-அரவுண்ட் சுவிட்சை அழுத்தினார். சக்கரம் தரையில் பட்டுவிட்டால் அந்த மாடலில் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது, நெம்புகோலைக் கையால் தள்ள வேண்டும். எஞ்சின்கள் ஐடிலிலேயே இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. சக்கரத்தையும் உள்ளே இழுத்தார்கள். 85 அடி வரை எழும்பிய விமானம் பாதையிலேயே விழுந்தது. உள்ளே இருந்த 300 பேரும் உயிர்தப்பினார்கள், ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

இன்னொன்று, நீங்களே உணர்ந்தது. முதுகு ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அழுத்தம் விமானியின் உள்காதுக்கும் உண்டு. பயணம் முடியும் நேரத்தில் எரிபொருள் குறைந்து விமானம் இலேசாக இருக்கும். முழு விசை கொடுத்தால் பாய்ந்துகொண்டு முன்னேறும். வெளியே எதுவும் தெரியாதபோது அந்த முடுக்கத்தை உடல் ‘மூக்கு அளவுக்கு மீறி மேலே போகிறது’ என்று தவறாகப் படிக்கும், கை தானாகவே மூக்கைக் கீழே அழுத்தும். 2016 மார்ச்சில் ரஷ்யாவின் ரோஸ்தோவில் இரண்டாவது கோ-அரவுண்டின்போது ஒரு 737 இப்படித்தான் தரையை நோக்கிப் பாய்ந்து 62 பேரும் மாண்டார்கள். எனவேதான் உடல் சொல்வதை விட்டுக் கருவியைப் பார்க்கச் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். இரண்டு எஞ்சினும் ஓடும் சாதாரண கோ-அரவுண்டைப் பல காலம் போதுமான அளவு பழக்கவில்லை என்பது என் மனக்குறை. பயிற்சி நேரமெல்லாம் ஒரு எஞ்சின் நின்றுபோன கோ-அரவுண்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

பத்து நிமிட மௌனத்துக்கும் விடை இதில் இருக்கிறது. மேலேறி, உயரத்தில் நிலைத்து, கட்டுப்பாட்டு அறையிடம் பேசி, புது வழியைக் கணினியில் ஏற்றி, எரிபொருளைப் பார்த்து, மறுபடி முயல்வதா வேறு ஊர் போவதா என்று முடிவெடுத்த பிறகுதான் மைக்கை எடுப்பார்கள். முதலில் ஓட்டு, பிறகு வழியைப் பார், பிறகு பேசு என்பதே வரிசை. ஆனாலும் அதற்குள் பணிப்பெண்களாவது ‘இது வழக்கமான நடைமுறை’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எழுதுவதானால் அதைக் கேட்டு எழுதுங்கள், நான் முழுமனதோடு ஒப்புக்கொள்வேன்.

எரிபொருள் விஷயம். புறப்படும்போதே பயணத்துக்கு வேண்டியது, வழியில் எதிர்பாராததற்குப் பொதுவாக அதில் 5 சதவீதம், மாற்று விமான நிலையம் வரை போவதற்கானது, அதற்கும் மேல் 1,500 அடியில் 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான கடைசி இருப்பு என்று கூட்டித்தான் ஏற்றுவார்கள். அந்தக் கடைசி இருப்பைத் தொட்டபடிதான் இறங்க வேண்டியிருக்கும் என்று கணக்கு காட்டினாலே விமானி ‘மேடே ஃபியூயல்’ என்று எரிபொருள் அவசரநிலையை அறிவித்தாக வேண்டும். இரண்டாவது முயற்சியோடு நிறுத்தி, கையில் வழி இருக்கும்போதே வேறு ஊருக்குத் திரும்பினாரே, அந்த முப்பது நிமிடத்தைத் தொடாமல் காப்பதற்கான வழி அதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்