ஒரு ராத்திரி மலை முகாமுக்கு அரை மாதச் சம்பளமா?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் அடுத்த மாதம் மலையேறி, மேலே இருக்கும் எளிய முகாமில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம். கரன்ட் கிடையாது, படுக்கப் பலகைதான், தண்ணீர் ஊற்றிலிருந்து எடுக்க வேண்டுமாம். எனக்கு இதுதான் முதல் முறை. ஷூ, ஸ்லீப்பிங் பேக், பேக்பேக், ஜாக்கெட் என்று நண்பர் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் அரை மாதச் சம்பளம் வருகிறது. க்ரெடிட் கார்டில் வாங்கி மெதுவாகக் கட்டலாமா, அல்லது அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா? முகாம் கட்டணம் கட்டியாகிவிட்டது. போகாவிட்டால் அது திரும்ப வராது.

பதில்: இரண்டுமே வேண்டாம். கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு அது மிக அதிகம். அவசரச் சேமிப்போ, நீங்கள் மலைக்குப் போகும் நாளில்தான் முழுசாக இருக்க வேண்டும்.

பட்டியலில் உங்களுக்கென்று வாங்க வேண்டியது ஷூ மட்டுமே. மற்றவர் காலுக்குப் பழகிய ஷூ உங்களுக்கு உதவாது. சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே தடிமன் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடிக்கும், அதனால் முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இன்றே வாங்கி, கிளம்புவதற்குள் தினமும் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

மற்ற பெரிய சாமான்களை வாடகைக்கு எடுங்கள். ஒரு ஸ்லீப்பிங் பேக்கின் ஒரு ராத்திரி வாடகை அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு என்றால், பத்து ராத்திரிக்கு மேல் மலையில் தூங்குகிறவருக்குத்தான் வாங்குவது லாபம். உங்களுக்கு இது முதல் ராத்திரி. பிடிக்குமா என்பதே இனிமேல்தான் தெரியும்.

வாடகைக்கு எடுக்கும்போது ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளை மட்டும் நின்று படியுங்கள். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் போட்டிருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். 'லிமிட்' என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் குளிர். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிரைக் காக்கும் கணக்கு, தூக்கத்துக்கானது இல்லை. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்த்து எடுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் குளிர் சுமார் 6.5 டிகிரி கூடும். அடிவாரம் 1,000 மீட்டர், முகாம் 2,400 மீட்டர் என்றால், கீழே 14 டிகிரி இருக்கும் ராத்திரியில் மேலே 5 டிகிரி. காற்று அடித்தால் இன்னும் குளிரும். அடியில் விரிக்கும் பாயையும் மறக்காதீர்கள். உடம்பின் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால், தரையின் குளிரைத் தடுப்பது பாய்தான்.

இனி உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று. நான் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'திரும்பிவரும் பணம்'. பாதி வழியில் திரும்பினால் அடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்க, சாப்பிட, தனி வண்டி பிடிக்க எவ்வளவு ஆகுமோ அவ்வளவு பணம். மேலே சிக்னல் இல்லாவிட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது. ஆகவே ரொக்கமாக, சில்லறை நோட்டுகளாக, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். ஷூவுக்கு அடுத்து இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும், ஜாக்கெட் எல்லாம் பிறகு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு மூன்று பேராக ஏறினோம். பாதி தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கட்டிய பணம் போய்விடுமே என்று ஒருவர் சொன்னார், மற்ற இருவரும் தலையாட்டினோம். நான் போட்டிருந்தது பருத்திச் சட்டை. முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பையின் கொக்கியைக்கூட என்னால் கழற்ற முடியவில்லை. விரல் கொக்கி மேல் இருக்கிறது, அழுத்தம் மட்டும் வரவில்லை. வேறொருவர் கழற்றி, உலர்ந்த துணியை என் மேல் போர்த்தினார். கட்டணம் கட்டிய அன்றே அந்தப் பணம் போய்விட்டது, ஏறினாலும் இறங்கினாலும் திரும்ப வரப்போவதில்லை. அடுத்தவர்களுக்கு இதைத் தினமும் விளக்குகிற எனக்கே அன்று அது உறைக்கவில்லை.

அதனால் கிளம்புவதற்கு முன்பே நால்வரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் பேசிவிடுங்கள். யாருக்காவது முடியாமல் போய்த் திரும்பினால், துணைக்கு ஒருவர் கூடவே இறங்க வேண்டும். அதனால் வரும் கூடுதல் செலவை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பணத்துக்குப் பயந்தோ, மற்றவர்கள் செலவைக் கெடுக்கிறோமே என்ற கூச்சத்திலோ தலைவலியையும் கால்வலியையும் மறைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கூச்சத்தைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி முன்கூட்டியே பேசிக்கொள்வது. அடுப்பு, முதலுதவிப் பெட்டி போன்ற பொதுச் சாமான்களையும் அப்போதே ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் செலவும் சுமையும் குறையும்.

நேரத்துக்கும் பணத்துக்கும் தொடர்பு உண்டு. 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏற மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அதுவும் நிற்காமல் நடந்தால். சுமையோடு முதல் முறை ஏறுகிறவர்கள் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் கிளம்பினால் இருட்டிவிடும். முதல் நாளே அடிவாரத்தில் தங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை பொருந்தும், மலையிலிருந்து கீழே தூக்கிவரும் செலவு அடங்குமா. மருத்துவமனைச் செலவைத் தருகிற பாலிசி, அங்கே கொண்டுவந்து சேர்க்கும் செலவையும் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் (உயரத்தில் காற்று மெலிவதால் உடம்புக்கு ஆக்சிஜன் போதாமல் வரும் நோய்) வரக்கூடும் என்பதால், முகாம் அதற்கு மேல் இருந்தால் இதைப் படிக்காமல் கிளம்பவே வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன் முகாம்காரர்களிடம் கேளுங்கள்: மெத்தையும் கம்பளியும் தருவார்களா, ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்ச அடுப்பு இருக்கிறதா, ராத்திரி எவ்வளவு குளிரும். பதில் வந்ததும் பட்டியலைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள், மிச்சத்தைச் சேர்ந்தே பார்க்கலாம். ஷூவுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்.