40 வாட் ஆம்ப், காய்ந்துபோன எர்த் குழி

கேள்வி: காட்பாடி பக்கம் ஒரு சபையில் நான்கு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் அண்ணா. ஜாஸ் பேஸ் மாடலில் ஒரு கிட்டார், பழசாக வாங்கிய 40 வாட் காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), அதில் 10 இஞ்ச் ஸ்பீக்கர். டிரம்ஸோடு சேர்ந்தால் என் சத்தம் எனக்கே கேட்பதில்லை. கூட்டி வைத்தால் ஸ்பீக்கர் படபடவென்று அடிக்கிறது. எப்போதும் ஒரு இரைச்சல், தந்தியைத் தொட்டால் குறைகிறது. சில சமயம் சத்தம் பாதியில் நின்றுவிடும், ஆம்பைத் தட்டினால் திரும்ப வரும். சபையில் 40,000 ரூபாய் தருகிறேன் என்கிறார்கள். நண்பரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 500 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) விலைக்கு வருகிறது. அதை வாங்கலாமா, அல்லது கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் பெடல்கள் வாங்கினால் போதுமா? பின்குறிப்பு: மைக்கில் பாடும்போது உதட்டில் லேசாகச் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. அதற்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: தம்பி, நீங்கள் பின்குறிப்பாக எழுதியதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அதைச் சரிசெய்யும்வரை அந்த ஆம்பில் கேபிளைச் சொருகாதீர்கள். இந்த ஞாயிறு ஆராதனைக்கு பேஸ் இல்லாமலே பாடட்டும்.

நடப்பது இதுதான். கிட்டாரின் தந்தி, அதைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற உலோகத் தகடு வழியாக கேபிளின் ஷீல்டோடும் (வெளிச்சுற்று உலோகப் பின்னல்), அது ஆம்பின் சேசிஸ் என்ற இரும்புக் கூட்டோடும் சேர்ந்திருக்கிறது. சேசிஸ் மூன்று பின் பிளக்கின் பெரிய பின் வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். அந்த வழி எங்கோ அறுந்திருந்தால், ஆம்புக்குள் கசியும் மின்சாரம் போக இடமில்லாமல் தந்தியில் வந்து நிற்கும். மைக் மிக்ஸர் வழியாக வேறொரு எர்த்தில் இருக்கிறது. கை தந்தியில், உதடு மைக்கில். நடுவில் வயராக இருப்பது நீங்கள். இன்று அது லேசான கசிவாக இருக்கலாம், நாளை டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி முழு 230 வோல்ட்டும் வரலாம். உதட்டை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டோன் த க்ரோஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சி நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுத்தான் உயிரிழந்தார்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஆம்ப் சொருகும் அதே பிளக் பாயின்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் சுற்றி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இரண்டாவது அளவு குறைவாகவோ மூன்றாவது அதிகமாகவோ இருந்தால் எர்த் சரியில்லை. நம் பக்கத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் வயரில் குறை இருக்காது, குழியில்தான் இருக்கும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழியில் ஈரம் இருந்தால்தான் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். பாலாறே மணலாகக் கிடக்கிற ஊரில், பத்து வருடமாக யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத குழி என்னத்துக்கு ஆகும்? சித்திரை வைகாசியில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள். 40,000 ரூபாயில் முதல் செலவு இதுதான். கமிட்டியில் கேட்டால் பாட்டுக் குழுச் செலவு இல்லை, கட்டடச் செலவு என்று சொல்லிப் பாருங்கள், தனியாகவே கிடைத்துவிடும்.

இரைச்சல் போக பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொன்னவரிடம் மறுபடி யோசனை கேட்காதீர்கள்.

இனி இரைச்சல். எர்த் சரியானதுமே பாதி அடங்கும். மீதி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். இரைச்சல் நின்றால் அது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பிடிக்கிற இரைச்சல். நிற்காவிட்டால் ஆம்ப் பக்கத்துக் கேபிளைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் கேபிளிலோ பெடலிலோ குறை, அப்போதும் நிற்காவிட்டால் ஆம்புக்குள்தான். உள்ளே என்றால் என்ன குறை என்பதை உங்கள் கிட்டாரே சொல்லும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டை (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) அழுத்தினால் 49 ஹெர்ட்ஸ், ஓப்பன் ஜி ஸ்ட்ரிங், அதாவது எதையும் அழுத்தாமல், 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் மூன்றாவது ஃப்ரெட்டோடு ஏறக்குறையச் சேர்ந்தால் வெளியிலிருந்து நுழையும் கரண்ட் இரைச்சல். ஓப்பன் ஜியோடு சேர்ந்து கொஞ்சம் கரகரப்பாகவும் இருந்தால் பவர் சப்ளையில் கரண்ட்டைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். பழைய ஆம்புக்கு இது முதுமை நோய், மாற்றிவிட்டால் தீர்ந்தது. கெபாசிட்டரில் சுவிட்ச் அணைத்த பிறகும் கரண்ட் தங்கும், நீங்களே கழற்ற வேண்டாம்.

தந்தியைத் தொட்டால் குறைகிறது என்று எழுதியிருப்பதால் உங்கள் இரைச்சலில் பெரும்பங்கு பிக்கப் வழியாக வருகிறது. தொடும்போது கூடியிருந்தால்தான் கிட்டாருக்குள் கிரவுண்ட் வயர் அறுந்ததாக அர்த்தம். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளும் தனித்தனி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்து வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது விழுங்கிவிடும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். மேடைக்குப் பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர், சீரியல் லைட் எதுவும் இருந்தால் ஆம்பை நகர்த்தி வையுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் இரைச்சல் கூடுகிறது என்று ஆம்பை என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு நான் போய் ஸ்டாரைத்தான் அணைத்தேன்.

தட்டினால் வரும் சத்தத்துக்கு வருவோம். காம்போவில் ஹெட்போன் ஜாக் இருக்கும். அதில் எதையும் சொருகினால் ஸ்பீக்கர் நிற்பதற்காக உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் தகடு உண்டு. தூசியும் துருவும் ஏறினால் ஒன்றும் சொருகாமலே ஸ்பீக்கரை நிறுத்திவிடும். ஆம்பை அணைத்துவிட்டு ஒரு ஜாக்கைப் பத்துப் பதினைந்து முறை சொருகி எடுங்கள். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி போதும், கதவுக்குப் போடும் எண்ணெய் கூடாது. ஆம்புக்கு நடுவில் பெடல் சேர்ப்பதற்கான எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன் ஜாக் இருந்தால் அங்கும் இதே கதைதான். இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் நிலைத்து நின்றால் குற்றவாளி அகப்பட்டான்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. 40 வாட் போதாது என்பது சரி. ஆனால் வாட் என்ற கணக்கு ஏமாற்றும். 40ஐ 80 ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு லேசாக உயர்ந்த மாதிரி இருக்கும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ளப் பத்து மடங்கு வேண்டும், அதாவது 400 வாட். படபடப்பும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. சத்தம் கேட்கவில்லை என்று பேஸ் குமிழைத் திருப்புகிறீர்கள். 10 டெசிபல் திருப்பினால் கீழ் ஸ்தாயிக்கு மட்டும் பத்து மடங்கு சக்தி கேட்கிறீர்கள். ஈ ஸ்ட்ரிங்கின் 41 ஹெர்ட்ஸைத் தள்ள அந்த 10 இஞ்ச் ஸ்பீக்கர் முன்னும் பின்னும் பாய்ந்து, எல்லையில் முட்டிப் படபடக்கிறது. பேஸைப் பாதிக்குக் கீழே இறக்கி, மிட் குமிழை ஏற்றுங்கள். தனியாக வாசித்தால் மூக்கடைத்த மாதிரி கேட்கும், குழுவோடு சேர்ந்தால் நோட்டு தெளிவாக வெளியே வரும். அடிநாதம் குறைந்தாலும் அதன் மேல் ஸ்வரங்களை வைத்துக் காது அதை நிரப்பிக்கொள்ளும். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் ஏற்றி, முகம் உங்கள் காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். இப்போது உங்கள் முழங்காலுக்குத்தான் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கீபோர்டு வாசிப்பவரின் இடது கையையும் ஒருமுறை கவனியுங்கள். அவரும் அதே கீழ் ஸ்தாயியில் கோர்ட் அமுக்கிக்கொண்டிருந்தால் 500 வாட் வைத்தாலும் உங்கள் சத்தம் பிரிந்து கேட்காது.

அமெரிக்க ஹெட்டைப் பற்றி. விலை பேசும் முன் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் நேராகச் சொருகலாம். 115, 230 என்று சுவிட்ச் இருந்தால் 230க்கு மாற்றிவிட்டு, ஃப்யூஸ் அளவும் அதற்கேற்ப இருக்கிறதா என்று பார்த்துச் சொருகலாம். 120 மட்டும் என்றால் நல்ல ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் எடையில் ஹெட்டின் இலேசு போய்விடும். அடுத்து, 500 வாட் எத்தனை ஓமுக்கு (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு)? பெரும்பாலும் 4 ஓமுக்கு. நீங்கள் ஒரே ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸ் (கேபினட்) மாட்டினால் பாதிக்குச் சற்று மேலேதான் வரும். இரண்டு 8 ஓம் பாக்ஸை இணையாக மாட்டினால் 4 ஓம், முழு சக்தி. இரண்டு 4 ஓம் பாக்ஸை மாட்டினால் 2 ஓம். அதைத் தாங்கும் என்று எழுதியிருக்காவிட்டால் ஹெட் அணைந்துவிடும், இல்லை எரிந்துவிடும். ஹெட்டையும் கேபினட்டையும் இணைப்பது தடித்த ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். குடியாத்தம் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரியில் அவசரத்துக்கு கிட்டார் கேபிளை மாட்டிவிட்டு, மூன்றாவது பாட்டில் பிளாஸ்டிக் கருகும் வாசனையோடு நின்றவன் நான். ஊர்க்காரர்கள் அது சாம்பிராணி வாடை இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கேபினட் பழசாக வாங்கினால் ஆம்ப் இல்லாமலே பாதி தெரிந்துகொள்ளலாம். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் சுற்றிக் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் போய்விட்டது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை கேபிள் முனையில் தொட்டால் கோன் ஒரு துள்ளு துள்ள வேண்டும். இரண்டு கை விரல்களாலும் கோனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சரக் என்று உரசினால் விட்டுவிடுங்கள். ஆசாரியிடம் சொல்லி பாக்ஸ் அடிக்கலாம் என்று தோன்றும். ப்ளைவுட் நல்லதாக இருந்தாலும் போதாது, உள்ளே எத்தனை லிட்டர் காற்று, துவாரம் எத்தனை நீளம் என்பது அந்த ஸ்பீக்கருக்கென்று கணக்குப் போட வேண்டியது. கணக்கில்லாத பாக்ஸ் ஒரே ஒரு நோட்டுக்கு மட்டும் கும்மென்று அடிக்கும், மற்றதற்கெல்லாம் ஊமை. கேபினட் விவரத்தில் சென்சிட்டிவிட்டி (அதே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும்) என்ற எண்ணையும் பாருங்கள். 97க்கும் 100க்கும் மூன்று டெசிபல் வித்தியாசம், அது ஆம்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

ஆம்பெக் கம்பெனியின் எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்ப் 1969இல் 300 வாட் வால்வு ஆம்பாக வந்தது, எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் கேபினட்டோடு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாங்களெல்லாம் இளம் வயதில் ஏங்கினோம். அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும், உங்கள் சபையில் வைத்தால் ஜன்னல் கண்ணாடி தனியாக தாளம் போடும். இரண்டு 10 இஞ்ச் அல்லது ஒரு 12 இஞ்ச், 200 முதல் 300 வாட் என்பது நான் உங்களுக்குச் சொல்லும் அளவு.

அதற்கும் முன் ஒரு கேள்வி. சபையின் பி.ஏ. செட்டில் (மைக் செட்) அடிநாதத்துக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரோ, குறைந்தது 15 இஞ்ச் பாக்ஸோ இருக்கிறதா? இருந்தால் ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கி மிக்ஸருக்கு லைன் கொடுங்கள். இருக்கிற 40 வாட் உங்கள் காதுக்கு மட்டும் வேலை செய்யட்டும். செலவில் பெரும்பகுதி மிச்சம். உங்கள் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இல்லையென்றால் ஆக்டிவ் டி.ஐ., பேட்டரி இருந்தால் பாஸிவ் டி.ஐ. போதும். லைன் கொடுத்ததும் புதிதாக ஒரு இரைச்சல் வந்தால் டி.ஐ.யில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சவுண்டு கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த் அப்படியே இருக்கும். எர்த் பின்னை உடைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சுவரில் நீளவாக்கிலான காலம் (column) ஸ்பீக்கர் பாக்ஸ்கள் மட்டும் தொங்கினால் அவற்றுக்கு பேஸ் ஒத்துவராது. அப்போது ஹெட்டும் கேபினட்டும் வாங்குங்கள்.

பெடல்கள் கடைசி. சத்தம் குறைவு என்பதற்குப் பெடல் வாங்குவது தலைவலிக்குத் தலையணை மாற்றுகிற கதை. கம்ப்ரஸர் விரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும், அதோடு இரைச்சலையும் தூக்கிக் காட்டும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் வாங்கினால், அசல் சத்தத்தையும் கலந்து கொடுக்கும் பிளெண்ட் குமிழ் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண கிட்டாருக்கானது கீழ் ஸ்தாயியைக் கத்தரித்துவிடும். பெரும்பாலான பெடல்களுக்கு அடாப்டர் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ்; உங்கள் பெடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சரிபாருங்கள். கிடைத்த 12 வோல்ட் அடாப்டரைச் சொருகிப் பெடலைக் கொன்றவர்கள் மாதம் ஒருவராவது என் மேஜைக்கு வருகிறார்கள். டிஜிட்டல் பெடலையும் மற்றவற்றையும் ஒரே அடாப்டரில் கொத்தாகத் தொங்கவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அதற்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வருடம் சுருதி சேர்க்க ஒரு டியூனர் பெடல் போதும்.

எலெக்ட்ரீஷியன் எடுத்த மூன்று அளவையும், அந்த ஹெட்டின் பின்பக்கத்து போட்டோவையும் அனுப்புங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.